வரம்பு வைத்தும் அடங்காத திரைநேரம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மொரீசியஸில் நம்மவர் வீடுகள் பலவற்றில் குடும்பம் முழுவதும் ஒரே மடிக்கணினியைத்தான் பகிர்ந்துகொள்கிறது. அம்மாவின் அலுவலக வேலை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காவின் பிரெஞ்சுக் கட்டுரை, ஐந்தாம் வகுப்புத் தம்பியின் கணக்குத் தாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய பாடலின் ஒலிப்பதிவு ஆகிய எல்லாமே அந்த ஒரு திரையில்தான் நடக்கின்றன. விளையாட்டும் வீடியோவும் அங்கேயே வந்து சேர்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் திரைநேரத்துக்கு வரம்பு வைப்பது எளிதன்று, வைத்த வரம்பு ஒழுங்காக நடக்காமல் போவது அதைவிடப் பெரிய தொல்லை. ரோஸ் ஹில்லில் எங்கள் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் அறிகுறிகளையே தலைப்பாக வைத்து, எங்கே பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரு வரம்பு மூன்று இடங்களில் உடையலாம். கருவியில் உடையலாம், அதாவது நேரம், இணைப்பு, அமைப்புகள் ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். கணக்கில் உடையலாம், அதாவது பிள்ளை வேறொரு பெயரில் உள்ளே நுழைந்திருக்கலாம். வீட்டில் பேசி வைத்த விதியிலேயே ஓட்டை இருக்கலாம். எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் நிமிடங்களை மட்டும் குறைத்துக்கொண்டே போனால், பிள்ளைக்குக் கோபமும் பெற்றோருக்கு அலுப்பும் மிஞ்சுமே தவிர, பிழை அப்படியே இருக்கும்.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் எதை எண்ணுவது என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். படிப்புக்கான நேரமும் பொழுதுபோக்குக்கான நேரமும் ஒரே உண்டியலிலிருந்து எடுக்கப்பட்டால், வீட்டுப்பாடத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் விளையாட்டிலிருந்து கழிவதாகப் பிள்ளை உணரும்; பாடத்தை அரைகுறையாக முடித்துவிட்டு எழுந்துகொள்ளும், அல்லது விளையாட்டையே பாடம் என்று சொல்லப் பழகும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் ஐந்து முதல் பதினேழு வயது வரையிலானவர்களுக்கு 2020இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் மணிக்கணக்கு எதுவும் இல்லை; பொழுதுபோக்குத் திரைநேரத்தைக் குறைக்க வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு அங்கே ஆயத்தமான விடை இல்லை என்பதால், பொழுதுபோக்கு எது, படிப்பு எது என்று பிரிக்கும் வேலை நம்முடையதாகிறது. கீழே சொல்லும் திருத்தங்களில் பெரும்பாலானவை அந்தப் பிரிவைக் கருவிக்குப் புரிய வைக்கும் முயற்சிகளே.

“நேரம் முடிந்த பிறகும் கணினி திறந்தே இருக்கிறது”

விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி வழியாக வரம்பு வைத்தவர்களிடம் அதிகம் கேட்கும் குறை இது. காரணம் பெரும்பாலும் மென்பொருளில் இருப்பதில்லை, கணக்கில்தான் இருக்கும். பிள்ளை கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நேரத்திலேயே செட்டிங்ஸ் பகுதியைத் திறந்து, அக்கவுண்ட்ஸ் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணினி பிரெஞ்சில் இருந்தால் இந்தப் பெயர்கள் வேறாகத் தெரியும், இடம் இதுவேதான்.

அங்கே லோக்கல் அக்கவுண்ட் என்று இருந்தால் வரம்பு நடக்க வழியே இல்லை. இந்த வரம்புகள் குடும்பக் குழுவில் பிள்ளையாகச் சேர்க்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கின் மீதுதான் செல்லும். கணினிக்குள் மட்டும் உருவாக்கப்பட்ட கணக்கை அவை அறியா. பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியால் பிள்ளை உள்ளே நுழைந்திருந்தாலும் நிலை இதுவே. பள்ளிக் கணக்கைக் குடும்பக் குழுவில் சேர்க்க இயலாது. ஆகவே பிள்ளைக்குத் தனிப்பட்ட கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் வழியே கணினிக்குள் நுழைய வைத்து, பள்ளிக் கணக்கை உலாவிக்குள் மட்டும் பயன்படுத்தச் செய்ய வேண்டும்.

பெயர் சரியாக இருந்தால், அந்தக் கணக்குக்கு நிர்வாகி உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். கணினி வாங்கிய நாளில் பிள்ளையே அமைத்துக் கொடுத்திருந்தால் அவன்தான் நிர்வாகியாக இருப்பான். நிர்வாகியால் புதிய கணக்கு உருவாக்க முடியும், அந்தப் புதிய கணக்குக்கு எந்த வரம்பும் இராது. பெற்றோர் கணக்கை நிர்வாகியாகவும் பிள்ளையின் கணக்கைச் சாதாரணப் பயனராகவும் மாற்றிவிட்டு, தெரியாத கணக்குகள் பட்டியலில் இருந்தால் அவற்றில் உள்ள கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிடுங்கள். பெற்றோர் கணக்கின் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்ற வேண்டும். அம்மா சமையலறையிலிருந்தபடி ஒரு நாள் உரக்கச் சொன்ன கடவுச்சொல் பிள்ளைக்கு மறக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூட்டவில்லை என்றால், நீங்கள் கைபேசியில் செய்த மாற்றம் கணினியைச் சென்றடைந்திருக்காது. கணினி இணையத்தோடு இணையும்போதுதான் புதிய வரம்பு இறங்கும். மேலும், வீட்டில் இரண்டு கணினிகளோ ஒரு கணினியும் எக்ஸ்பாக்ஸும் இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்ற விருப்பத்தை நீங்கள் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தேர்ந்திராவிட்டால் ஒவ்வொரு கருவியிலும் வரம்பு தனித்தனியே ஓடும். பிள்ளைகளின் கருவியைக் கட்டுப்படுத்தும் கூகுள் செயலியான ஃபேமிலி லிங்க் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு வீடுகளிலும் இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே நாள் வரம்பு கருவிக்குக் கருவி தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு மணி நேரம் என்று நீங்கள் நினைத்தது, கைபேசியில் ஒன்று, டேப்லெட்டில் ஒன்று என்று இரண்டாகிவிடும்.

கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் விருந்தினர் முறையை நிறுத்தி வைக்க வேண்டும். அதன் வழியே நுழைந்தால் பிள்ளையின் கணக்கும் இல்லை, வரம்பும் இல்லை.

“பூட்டும் நேரம் தானாக நகர்கிறது”

இது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் நம் தீவில் இதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. பிரான்ஸில் இருக்கும் சித்தப்பாவோ அத்தையோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினி பாரிஸ் நேர மண்டலத்திலேயே இருந்துவிடுவதுண்டு. இரவு ஒன்பது மணிக்குப் பூட்டு என்று நீங்கள் வைத்தால், கணினி பாரிஸில் ஒன்பதாகும் வரை காத்திருக்கும். அங்கே குளிர்காலத்தில் அது நமக்கு நள்ளிரவு. கோடையில் பதினொரு மணி. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரம் மாறுகிற நாள்கள் என்பதால், அந்த வாரத்தில் பூட்டும் நேரம் ஒரு மணி நகர்ந்தது போலத் தெரியும். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அடுத்த மார்ச் வரை ஒரு முறை கடிகாரத்தை முன்னே தள்ளிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு நமக்கு அப்படி எந்த மாற்றமும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக் கணினியில் பருவத்துக்கு ஒரு முறை நேரம் நகர்ந்தால் மண்டலம் தவறு என்று உறுதியாகக் கொள்ளலாம்.

விண்டோஸில் நேரம் மற்றும் மொழிப் பகுதிக்குச் சென்று, யுடிசி கூட்டல் நான்கு, போர்ட் லூயி என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணப் பயனரால் கணினியின் கடிகாரத்தை மாற்ற முடியாது என்றாலும், நேர மண்டலத்தை மாற்ற விண்டோஸ் அனுமதிக்கிறது. எனவே ஒரு முறை சரிசெய்த பிறகும் மீண்டும் மண்டலம் மாறியிருந்தால், அது தற்செயலாக நடந்ததன்று. பிள்ளையோடு உட்கார்ந்து அமைதியாகப் பேச வேண்டிய விஷயம்.

“கூடுதல் நேரத்தை அவனே எடுத்துக்கொள்கிறான்”

ஐபோன், ஐபேட் ஆகியவற்றில் ஸ்கிரீன் டைம் வரம்பு முடிந்ததும், இன்னும் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம் கழித்து நினைவூட்டு, இன்று முழுவதும் வரம்பைப் புறக்கணி என்ற விருப்பங்கள் திரையில் வரக்கூடும். பிள்ளையால் அவற்றை அழுத்த முடிகிறது என்றால் இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கிறது: ஸ்கிரீன் டைமுக்கெனத் தனிக் கடவுக்குறியீடு வைக்கப்படவில்லை, அல்லது வரம்பு முடிந்ததும் தடு என்ற பொத்தான் அணைந்திருக்கிறது. குறியீட்டை வையுங்கள், அது கைபேசியைத் திறக்கும் குறியீடாக இருக்கக் கூடாது, பிறந்த ஆண்டாகவும் இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு செயலி வரம்பையும் தனித்தனியே திறந்து அந்தப் பொத்தானைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில் இதே குறை வந்தால், நீங்கள் வரம்பு வைத்தது டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியிலா என்று பாருங்கள். அது கைபேசிக்காரர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள 2018இல் கூகுள் கொண்டுவந்த வசதி. கையில் கைபேசி இருப்பவர் அதை நீக்கிவிடலாம். பிள்ளைகளுக்கு ஃபேமிலி லிங்க்தான் பொருந்தும்.

“வீட்டுப்பாடத்தின் நடுவில் பூட்டிக்கொள்கிறது”

என் பார்வையில் இருப்பதிலேயே கவலைக்குரிய பிழை இதுதான். வரம்பு நடக்காமல் போனால் சில மணி நேரம் வீணாகும், அவ்வளவுதான். தவறான இடத்தில் வரம்பு நடந்தால், உண்மையாக வேலை செய்துகொண்டிருந்த பிள்ளை தண்டிக்கப்படுகிறது; அடுத்த முறை அது உண்மையாக இருக்கக் காரணம் குறைகிறது.

எங்கள் வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆப்ரவாசி காட் பற்றிய வரலாற்றுக் கட்டுரையை இரவுக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் போர்ட் லூயி துறைமுகத்தில் ஏறிய படிகளைப் பற்றி எழுதி முடித்து, தன் கொள்ளுத் தாத்தாவின் குடும்பத்தைப் பற்றிக் கடைசிப் பத்தியைத் தொடங்கியபோது திரை பூட்டிக்கொண்டது. மாலையில் தம்பி அதே கணக்கில் விளையாடி, அன்றைய நேரத்தில் பெரும்பகுதியை முடித்திருந்தான். அப்பா வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார். கூடுதல் நேரம் கேட்டு அவருடைய கைபேசிக்குச் சென்ற கோரிக்கையை அவர் பார்க்கவில்லை. அவள் மிச்சத்தைக் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பினாள்.

அந்த வீட்டில் இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. முதலாவது, இருவருக்கும் ஒரே கணக்கு. உடன்பிறந்தவர்கள் ஒரே கணக்கைப் பகிர்ந்தால் ஒருவரின் ஆட்டம் மற்றவரின் பாடத்தைத் தின்னும். ஆகவே ஆளுக்கொரு கணக்கு கட்டாயம். இரண்டாவது, வரம்பு மொத்தக் கருவிக்கும் வைக்கப்பட்டிருந்தது. மொத்தக் கருவிக்கான பூட்டை இரவுத் தூக்க நேரத்துக்கு மட்டும் வையுங்கள். பகலிலும் மாலையிலும் வரம்பை விளையாட்டுச் செயலிக்கும் வீடியோ செயலிக்கும் தனித்தனியே வையுங்கள் என்பதே நான் எல்லாருக்கும் சொல்லும் திருத்தம். ஃபேமிலி லிங்க், ஸ்கிரீன் டைம், ஃபேமிலி சேஃப்டி ஆகிய மூன்றிலும் செயலிக்கென்று வரம்பு வைக்கும் வசதி உண்டு. முதல் இரண்டில், வரம்பு முடிந்த பிறகும் திறக்கும்படி சில செயலிகளை எப்போதும் அனுமதி என்ற பட்டியலில் சேர்க்கலாம். அகராதி, பள்ளியின் வகுப்புச் செயலி, கணிப்பான், குறிப்பெழுதும் செயலி ஆகியவற்றை அதில் சேருங்கள். உலாவியையும் யூடியூபையும் மட்டும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் வரம்பு பெயரளவில்தான் இருக்கும்.

உலாவிதான் இங்கே உண்மையான சிக்கல். பாடமும் உலாவியில்தான், விளையாட்டுத் தளமும் உலாவியில்தான். கருவியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸ் கணினி உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் வழி, பிள்ளைக்கு இரண்டு கணக்குகள் வைப்பது. படிப்புக் கணக்கில் பகல் நேர வரம்பு இராது, ஆனால் அனுமதித்த தளங்கள் மட்டுமே திறக்கும். பள்ளியின் தளம், கலைக்களஞ்சியம், அகராதி, தமிழ்ப் பாடத் தளம் ஆகியவற்றை நீங்கள் சேர்த்து வைத்திருப்பீர்கள். பொழுதுபோக்குக் கணக்கில் தளங்கள் பரவலாகத் திறக்கும், நேரம் மட்டும் அளவாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் குடும்பக் குழுவில் ஆறு பேர் வரை சேரலாம் என்பதால், இரண்டு பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு இந்த ஏற்பாடு சரியாகப் பொருந்துகிறது. தளங்களை வடிகட்டும் வசதி எட்ஜ் உலாவியில்தான் நடக்கும். வடிகட்டியை இயக்கினால் குரோம் போன்ற மற்ற உலாவிகள் தடுக்கப்படும். எனவே குரோம் திறக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் அதைப் புதுக் கோளாறு என்று எண்ணி வடிகட்டியை அணைத்துவிடாதீர்கள். பள்ளித் தளத்தை எட்ஜிலேயே திறக்கச் சொல்லுங்கள்.

ஐபேடில் குறிப்பிட்ட இணையத்தளத்துக்கென்று வரம்பு வைக்கலாம். செயலி வரம்புகளின் பட்டியலிலேயே கீழே தளங்களுக்கான இடம் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் என்றாவது ஒரு நாள் தவறான நேரத்தில் பூட்டிக்கொள்ளத்தான் செய்யும். அதற்காகக் கோரிக்கை செல்லும் பெற்றோர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டாம், இருவரையும் நிர்வாகிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேமிலி லிங்கில் அன்றைக்கு மட்டும் கூடுதல் நேரம் தரும் வசதி உண்டு, அது நாளைய வரம்பைத் தொடாது. எழுதும் கோப்பு தானாகச் சேமிக்கப்படும்படி வைத்திருப்பதும் அவசியம்.

“படிக்கிறேன் என்கிறாள், ஆனால் வேலை நகரவில்லை”

இந்த இடத்தில் மென்பொருள் பெரிதாக உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரத்தை அளக்கும் கருவியால் வேலையை அளக்க முடியாது. ஆனால் வேலையை அளப்பது நமக்குக் கடினமும் அன்று.

கணினியைத் திறப்பதற்கு முன், இன்று முடிக்க வேண்டியவை எவை என்று பிள்ளையே ஒரு தாளில் எழுதட்டும். கணக்குத் தாளின் ஆறு வினாக்கள், பிரெஞ்சில் ஒரு பத்தி, தமிழில் பத்துச் சொற்களுக்குப் பொருள் என்பது போல, முடிந்ததா இல்லையா என்று பார்த்தாலே தெரியும்படி அவை இருக்க வேண்டும். வாசிக்கிறேன், தேடுகிறேன் என்று எழுதினால், எதை வாசித்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று கேட்டு எழுத வையுங்கள். இவற்றில் கணினி இல்லாமலே முடியக்கூடியது எது என்று அடுத்துப் பாருங்கள். ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய பயிற்சித் தாளை அச்செடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் மேசையில் நடந்துவிடும். பல நேரங்களில் திரையில் உண்மையாகத் தேவைப்படும் பகுதி நாம் நினைத்ததைவிடச் சிறியது என்பது இப்படி எழுதிப் பார்த்தால்தான் தெரியவரும்.

பாட வீடியோக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆசிரியர் அனுப்பிய இணைப்பு பத்து நிமிடப் பாடத்தைத் திறக்கும். பாடம் முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கும். பக்கவாட்டில் இருப்பவை பாடத்தோடு தொடர்புடையனவாக இரா. தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். முடிந்தால் பாட வீடியோவைக் கூடத்துத் தொலைக்காட்சியில் போடுங்கள். பிள்ளை குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்க்கும், மற்றவர்களும் அருகில் இருப்பார்கள், முடிந்தவுடன் அணைத்துவிடலாம். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது நம் நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான எம்பிசியின் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாடங்களுக்கு முடிவு நேரம் இருந்தது, முடிந்த பின் வேறெதற்கும் இழுத்துச் செல்லும் இணைப்பு இல்லை.

கணினி இருக்கும் இடமும் முக்கியம். திரை கூடத்தை நோக்கித் திரும்பியிருக்கட்டும். ஆனால் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். முடிந்த வேலையை இரவு உணவுக்கு முன் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பது, கண்காணிக்கப்படுகிறோம் என்ற எண்ணத்தைவிட நல்ல பலன் தருவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தமிழகத்திலிருந்து இணையவழி நடக்கும் தமிழ் வகுப்புகளையும், அங்கிருக்கும் உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புகளையும் பொழுதுபோக்கு நேரமாக எண்ணாதீர்கள். இந்தியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கே மாலை ஏழு மணி வகுப்பு நமக்கு ஐந்தரைக்குத் தொடங்கும். இரவுப் பூட்டை அமைக்கும்போது இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும்.

“வைஃபையை நிறுத்தினாலும் இணையம் நிற்கவில்லை”

ரவுட்டரில் பிள்ளையின் கைபேசியைத் தடுத்து வைத்தும் பயனில்லை என்றால், முதலில் அந்தக் கைபேசியில் மொபைல் டேட்டா இருக்கிறதா என்று பாருங்கள். சிம் வழியே வரும் இணையத்துக்கும் ரவுட்டருக்கும் தொடர்பே இல்லை. சிம் இல்லாத டேப்லெட் என்றால் வேறு காரணம்: ரவுட்டர் ஒவ்வொரு கருவியையும் அதன் வலையமைப்பு முகவரியை வைத்து அடையாளம் காண்கிறது, ஆனால் ஆண்ட்ராய்டு பத்தாம் பதிப்பும் ஐஓஎஸ் பதினான்காம் பதிப்பும் வந்ததிலிருந்து கருவிகள் உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை அணைத்துவிட்டு, மீண்டும் ரவுட்டரில் பதியுங்கள். அக்காவின் கைபேசி தம்பிக்கு ஹாட்ஸ்பாட் ஆகிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

“பாட்டி வீட்டுக்குப் போனால் எல்லாம் கலைந்துவிடுகிறது”

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம்தான் இருக்கிறார்கள். அங்கே பிள்ளையின் கணக்கு இல்லை, பாட்டியின் கைபேசி இருக்கிறது. பாட்டியின் கைபேசிக்கு வரம்பு வைப்பது முறையும் ஆகாது, அவருக்குத் தொல்லையும் ஆகும். அதற்குப் பதிலாக, பிள்ளையிடம் கைபேசியைக் கொடுக்கும் வேளையில் ஒரே ஒரு செயலியை மட்டும் திறந்து நிறுத்தி வைக்கும் வசதியை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் அதற்கு ஆப் பின்னிங் என்று பெயர், வெளியே வரக் குறியீடு கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் கைடட் ஆக்சஸ் என்பார்கள், அதில் இத்தனை நிமிடம் என்று நேரமும் வைக்கலாம்.

இதைவிட முக்கியம், விதியைப் பாட்டியிடம் பேசி வைப்பது. பிள்ளையின் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். “அம்மா, சாப்பிடும்போது மட்டும் போன் வேண்டாம், மற்றபடி உங்கள் விருப்பம்” என்று ஒரே விதியைக் கேட்டுக்கொண்டால் அவர்கள் அதை நம்மைவிட உறுதியாகக் கடைப்பிடிப்பார்கள். ஐந்து விதிகளைச் சொன்னால் ஒன்றும் நடக்காது.

“புயல் நாள்களிலும் விடுமுறையிலும் வரம்பு பொருந்தவில்லை”

நவம்பர் முதல் மே வரையிலான புயல் பருவத்தில் பள்ளி திடீரென்று மூடப்படும் நாள்கள் வருகின்றன. காலை முழுவதும் பூட்டியிருக்கும் அட்டவணை அன்று வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட நாளில் அட்டவணையையே மாற்றிவிட்டுத் திரும்ப வைக்க மறந்துபோவதுதான் வழக்கமான பிழை. அட்டவணையைத் தொடாமல், அன்றைக்கு மட்டும் நேரம் கூட்டுங்கள். இணையம் துண்டிக்கப்பட்டால் உங்கள் கைபேசியிலிருந்து தரும் அனுமதி பிள்ளையின் கருவிக்குப் போய்ச் சேராது. ஃபேமிலி லிங்கில் பெற்றோர் அணுகல் குறியீடு என்ற ஒன்று உண்டு. அதைப் பிள்ளையின் கருவியில் இட்டால் இணையம் இல்லாமலே பூட்டுத் திறக்கும். மழைக்காலம் தொடங்கும் முன்பே அது எங்கே இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டிறுதி நீண்ட விடுமுறைக்கு மட்டும் தனி அட்டவணை வைத்து, ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பழையதுக்குத் திரும்பிவிடுங்கள். பள்ளி திறந்த அன்றே மாற்றினால் அந்த முதல் வாரம் முழுவதும் தூக்கம் கெடும்.

“நிறுத்தும்போதெல்லாம் அழுகையும் சண்டையும்”

நேரம் முடிவதும் ஆட்டம் முடிவதும் ஒன்றாக அமையாததே பெரும்பாலும் காரணம். ஆட்டத்தின் நடுவில், நண்பர்களோடு சேர்ந்து விளையாடும்போது திரை அணைந்தால், பிள்ளை தன் கூட்டத்தைக் கைவிட்டுவிட்டதாக உணர்கிறது. ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அதனிடமே கேட்டு, வரம்பை ஆட்டங்களின் எண்ணிக்கையில் பேசுங்கள். கருவியில் வைக்கும் நிமிடங்கள் அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும். பத்து நிமிடம் முன்பு நீங்கள் நேரில் போய்ச் சொல்வது, திரையில் வரும் அறிவிப்பைவிட நன்றாக வேலை செய்யும். அடுத்து என்ன என்பதும் தயாராக இருக்க வேண்டும்: குளியல், உணவு, முற்றத்தில் பந்து, எதுவாயினும் சரி. வெறுமையை நோக்கி எழுந்து வரச் சொன்னால் யாருக்கும் மனம் வராது.

கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது வரம்புப் பிரச்சினையாக மட்டும் இராது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தொலைவில் உள்ள ஒன்றை இருபது நொடி பார்க்கச் சொல்லும் பழக்கத்தைப் படிப்பு நேரத்திலும் கடைப்பிடியுங்கள். குறையாவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“மூத்தவளுக்கு இந்த வரம்பெல்லாம் பொருந்தவில்லை”

பொருந்தாதுதான். ஒன்பதாம் வகுப்பு என்சிஇ தேர்வுக்கோ, பின்னர் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சிக்கோ பழைய வினாத்தாள்களைத் திறந்து வைத்துப் படிக்கும் பெண்ணுக்கு, ஐந்தாம் வகுப்புத் தம்பிக்கு வைத்த அட்டவணை இடையூறாகவே இருக்கும். இந்த வயதில் செயலி வரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இரவுப் பூட்டை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வார இறுதியில் கருவி காட்டும் பயன்பாட்டு அறிக்கையை அவளே திறந்து பார்க்கட்டும். எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் போயிருக்கிறது, அதில் எதைக் குறைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் கேட்டால் மட்டும் அவள் சொன்னால் போதும்.

தம்பிக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது அக்காவுக்கு இல்லையா என்ற கேள்வி கட்டாயம் வரும். எந்த வயதில் எந்த வரம்பு தளரும் என்பதை முன்கூட்டியே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்துவிட்டால் அந்தக் கேள்வி சண்டையாக மாறாது. இரவில் கைபேசிகளைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றும் விதி மட்டும் அந்தத் தாளில் எல்லா வயதுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பெற்றோரின் பெயர்களையும் அதில் எழுதுங்கள்.